நாட்டிலஸில் காணாமல் போன ஏழு

நேற்று இரவு ஒரு வகுத்தல் கணக்கு மீதமில்லாமல் வந்து நின்றது. 1507.2-ஐ 3.14-ஆல் வகுத்தேன். விடை 480. தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ஒன்பது மாலைகளாக ஒரு பழைய அறிவியல் புனைகதையின் ஒரே ஒரு பக்கத்தோடு போராடிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஏறக்குறையச் சரியாகிவிட்டது. மறப்பதற்குள் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். தப்பான வழியில் போய்த் திரும்பிய இடங்களையும் விடாமல் எழுதுகிறேன், அடுத்த புத்தகத்தை எடுக்கும்போது அவைதான் எனக்குத் தேவைப்படும்.

நாவல் ஜூல்ஸ் வெர்ன் எழுதிய ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’. பிரெஞ்சில் 1869, 1870 ஆண்டுகளில் தொடராக வந்தது. என் கையிலிருப்பது லூயிஸ் மெர்சியர் 1870களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் மறுபதிப்பு. கேப்டன் நீமோ தன் நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸின் அளவுகளைப் பேராசிரியர் அரோனாக்ஸுக்கு விளக்கும் ஓர் அத்தியாயம் அதில் உண்டு. ‘சில எண்கள்’ என்பதே அதன் தலைப்பு. பலரும் தாண்டிப் போய்விடும் அத்தியாயம் அது. எனக்கு அந்த நாவலிலேயே மிகவும் பிடித்தது அதுதான். கற்பனையில் கட்டிய ஒரு கப்பலுக்குச் சதுர மீட்டர் கணக்கு வரை ஒருவர் உட்கார்ந்து போட்டிருக்கிறார் என்பதே எனக்கு மகிழ்ச்சி தரும் விஷயம்.

அங்கேதான் அந்த வரி இருந்தது. கப்பலின் இரண்டு கூடுகளும் எஃகுத் தகட்டால் ஆனவையாம். அந்த எஃகின் அடர்த்தி தண்ணீரைப்போல் 0.7 முதல் 0.8 மடங்காம்.

தண்ணீரைவிட எடை குறைந்த எஃகு! மரக்கட்டைக்குத்தான் அந்த அடர்த்தி இருக்கும். அப்படிப்பட்ட எஃகில் ஓர் ஆணி செய்து வாளித் தண்ணீரில் போட்டால் அது மிதக்கும். பொறியியலில் தேர்ந்தவராகக் காட்டப்படும் நீமோ இதைச் சொல்லியிருக்க முடியாது. அச்சுப் பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவுகட்டினேன். பென்சிலை எடுத்து இரண்டு தசமப் புள்ளிகளையும் அடித்தேன். இப்போது அது ‘7 முதல் 8’ என்று ஆயிற்று. எஃகின் அடர்த்தி சுமார் 7.8. அது 7-க்கும் 8-க்கும் இடையில் பாந்தமாக உட்கார்ந்துகொண்டது. அச்சுக்கோப்பவர் கையில் தவறுதலாக இரண்டு புள்ளிகள் விழுந்துவிட்டன என்று ஓரத்தில் எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

முதல் தப்பு அதுதான். என் திருத்தத்தில் பொருள் வந்தது உண்மை. வெர்ன் எழுதியது அதுதான் என்பதற்கு மட்டும் என்னிடம் ஒரு சான்றும் இல்லை.

இரண்டு நாள் கழித்து மனம் உறுத்தியது. அதே பத்தியில் வேறு எண்கள் இருக்கின்றனவே, அவற்றைக் கூப்பிட்டு விசாரிக்கலாமே என்று தோன்றியது. கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை: கட்டம் போட்ட ஒரு நோட்டு, கூர்மையான பென்சில், அழிப்பான், கால்குலேட்டர், பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு சிறிய உருப்பெருக்கி. புள்ளி உண்மையிலேயே அச்சிடப்பட்டதா, தாளில் இருந்த கறையா என்று பார்ப்பதற்கு உருப்பெருக்கி தேவைப்பட்டது. பார்த்தேன். இரண்டு புள்ளிகளும் வட்டமாக, ஒரே அளவில், வரியின் அடிக்கோட்டில் சரியாக உட்கார்ந்திருந்தன. கறை எந்த இடத்திலும் விழும், இரண்டு எண்களுக்கும் முன்னால் ஒரே தூரத்தில் விழாது. ஆக, யாரோ தெரிந்தேதான் அந்தப் புள்ளிகளை வைத்திருக்கிறார்கள். என் முதல் திருத்தம் ஆட்டம் கண்டது அப்போதுதான்.

கணக்கு எளிமையானது. கூட்டின் பரப்பையும் தகட்டின் கனத்தையும் பெருக்கினால் எஃகின் கன அளவு கிடைக்கும். எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். என் ஆங்கிலப் பிரதி தரும் எண்கள்: பரப்பு 6032 அடி, தகட்டின் கனம் இரண்டரை அங்குலம், எடை 394 டன். வகுத்துப் பார்த்தால் அடர்த்தி பதினொன்றைத் தாண்டியது. ஈயத்தின் அடர்த்தி 11.3. மரமாக இருந்த கப்பல் ஈயமாகிவிட்டது.

மூன்று முறை திரும்பப் போட்டேன், அதே விடைதான். அடுத்த வரியிலும் கோளாறு இருந்தது. கப்பலின் கொள்ளளவு ஏறக்குறைய 1500 கன கெஜமாம், முழுதும் மூழ்கினால் அது 50,000 கன அடி நீரை விலக்குமாம். ஒரு கன கெஜம் என்பது 27 கன அடி. 1500-ஐ 27-ஆல் பெருக்கினால் 40,500-தான் வரும். ஒரே வாக்கியத்துக்குள் கிட்டத்தட்ட பத்தாயிரம் கன அடியைக் காணவில்லை. இதை அச்சுக்கோப்பவர் தலையில் கட்ட முடியாது. மீட்டரை அடியாக்கும் வேலையில் யாரோ கணக்கில் சறுக்கியிருக்கிறார்கள். கன மீட்டரைக் கன கெஜம் என்று பெயரை மட்டும் மாற்றிவிட்டதுபோல் தெரிகிறது.

இந்த ஆங்கில எண்களோடு மூன்று மாலைகளைச் செலவழித்தேன். அது வீண் உழைப்பு. மொழிபெயர்ப்பு என்று தெரிந்தும் மூலத்தைத் தேடாமல் மொழிபெயர்ப்புக்குள்ளேயே துருவிக்கொண்டிருந்தேன். ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்’ என்று சொல்வார்கள். இடையில் பெயர்த்தவர் ஒருவரும் இருக்கிறார் என்பதை நான் மறந்துவிட்டேன். மெர்சியரின் மொழிபெயர்ப்பில் கணிசமான பகுதிகள் வெட்டப்பட்டிருப்பதும், நெப்ராஸ்காவின் ‘கெட்ட நிலங்கள்’ என்ற நிலப்பகுதி ‘விரும்பத்தகாத நெப்ராஸ்கா பிரதேசம்’ ஆகிவிட்டதும் பலரும் எடுத்துக்காட்டும் செய்திகள். அப்படிப்பட்டவர் கையில் எண்கள் மட்டும் பத்திரமாக இருந்திருக்குமா?

நான்காவது மாலை பிரெஞ்சு மூலத்தை எடுத்தேன். முதல் பாகம், 13-ஆம் அத்தியாயம். எனக்கு பிரெஞ்சு சரளமாக வராது. இந்த வேலைக்கு எண்ணுப் பெயர்கள் தெரிந்தால் போதும், அவற்றை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மூலத்தில் இந்த அளவுகளெல்லாம் எழுத்தாலேயே எழுதப்பட்டிருக்கின்றன, இலக்கமாக இல்லை. இது பின்னால் மிகவும் உதவியது.

எஃகின் அடர்த்தி இருந்த இடத்தில் இப்படி இருந்தது: ஏழு, பிறகு ஒரு காற்புள்ளி, பிறகு ‘பத்தில் எட்டு’. அதாவது ஏழும், பத்தில் எட்டுப் பங்கும். 7.8. பிரெஞ்சில் தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளிதான் வரும். ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அந்தக் காற்புள்ளியை ‘அல்லது’ என்று படித்திருக்கிறார். தமிழில் ‘ஏழெட்டுப் பேர் வந்தார்கள்’ என்றால் ஏழோ எட்டோ என்று புரிந்துகொள்கிறோம் அல்லவா, அதே போல ‘பத்தில் ஏழெட்டுப் பங்கு’ என்று எடுத்துக்கொண்டு 0.7 முதல் 0.8 வரை என்று எழுதிவிட்டார். அச்சுக்கோப்பவர் தனக்குக் கொடுத்ததை ஒழுங்காகவே கோத்திருக்கிறார். நான் அடித்த இரண்டு புள்ளிகளும் அவர் பிழையல்ல. ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பை அழித்தேன்.

மூல எண்களை வைத்துச் சரிபார்த்தேன். பரப்பு 1011.45 சதுர மீட்டர். தகட்டின் கனம் 5 சென்டிமீட்டர். பெருக்கினால் 50.57 கன மீட்டர் எஃகு. எடை 394.96 டன். வகுத்தால் 7.81. எஃகேதான். அந்த விடை கால்குலேட்டரில் தெரிந்தபோது நாற்காலியை விட்டு எழுந்து சிறிது நேரம் நடந்தேன். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் ஒருவர் போட்ட பெருக்கல் என் நோட்டில் அப்படியே வந்து நின்றது.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம். எண்கள் இவ்வளவு நேர்மையாகப் பேசுகின்றன என்று தெரிந்தபின் மற்றவற்றையும் கேட்காமல் விட மனம் வரவில்லை.

அடுத்து கொள்ளளவு. மூலத்தில் 1500.2 கன மீட்டர் என்று இருக்கிறது. மிதக்கும்போது கப்பலில் பத்தில் ஒரு பங்கு வெளியே தெரிய வேண்டும், பத்தில் ஒன்பது பங்கு நீரில் மூழ்கியிருக்க வேண்டும் என்கிறார் நீமோ. அதற்காகக் கப்பலின் எடை 1356.48 டன். அந்தப் பத்தில் ஒரு பங்கை நிரப்பி மூழ்கச் செய்யும் தொட்டிகளின் கொள்ளளவு 150.72 டன். இரண்டையும் கூட்டினேன்: 1507.20.

1500.2 இல்லை, 1507.2. பத்தில் ஒன்பதும் பத்தில் ஒன்றும் அட்சரம் பிசகாமல் பொருந்துவது 1507.2-க்குத்தான். 1500.2-ஐ எடுத்தால் பத்தில் ஒன்று 150.02 ஆகிவிடும். அப்படியானால் எழுத்தால் எழுதிய ‘ஆயிரத்து ஐந்நூற்று ஏழு’ என்பதில் ‘ஏழு’ என்ற ஒரு சொல் விழுந்துவிட்டது. அடுத்த வரியில் முழு எண்ணாக ‘ஆயிரத்து ஐந்நூறு கன மீட்டர்’ என்று வருகிறது. கண் அங்கே தாவியிருக்கலாம். பழைய நூல்களைப் படிப்பவர்கள் பாடபேதம் பார்க்கும்போது இப்படிப்பட்ட கண் தாவலை அடிக்கடி சந்திப்பார்கள்.

முதல் திருத்தத்தில் கற்ற பாடத்தால் உடனே பென்சிலை எடுக்கவில்லை. தொடர்பில்லாத இன்னொரு சாட்சி வேண்டும். கப்பலின் நீளம் 70 மீட்டர், அகலம் மிகுந்த இடத்தில் 8 மீட்டர். வடிவத்திலிருந்து கொள்ளளவைக் கணக்கிட்டால் தெரிந்துவிடும் என்று இறங்கினேன். அங்கே வந்தது இரண்டாவது தப்பான வழி, நான்கு மாலைகளைத் தின்றுவிட்டது.

சுருட்டு வடிவம் என்று நாவல் சொல்வது என் மனத்தில் பதிந்திருந்தது. அதனால் நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கும் வளைவான உருவங்களாகவே போட்டுப் பார்த்தேன். நீள்வட்டத்தைச் சுழற்றிய உருவம்: 2345 கன மீட்டர். மிக அதிகம். நடுவில் ஒட்டிய இரண்டு கூம்புகள்: 1172. மிகக் குறைவு. பரவளைவைச் சுழற்றிய கதிர் வடிவம்: 1876. அதுவும் இல்லை. வளைவைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் எந்த எண்ணை வேண்டுமானாலும் வரவழைக்கலாம் என்பது புரிந்தபோது சோர்வாகிவிட்டது. விரும்பிய விடை வரும்வரை வளைவை நெளிப்பது என்பது சாட்சிக்கு வாக்குமூலத்தைச் சொல்லிக்கொடுப்பது போன்றது.

வேறு வழியில் போனேன். வட்டக் குறுக்குவெட்டுள்ள எந்த உருவத்தின் கொள்ளளவிலும் பை (π) இருக்கும். எனவே கொள்ளளவைப் பையால் வகுத்தால் ஆசிரியர் எடுத்துக்கொண்ட நீளங்கள் வெளியே வரக்கூடும். கால்குலேட்டரில் இருந்த பை பொத்தானை அழுத்தி 1507.2-ஐ வகுத்தேன். 479.757 என்று வந்தது. அழகில்லாத எண். ஒன்றுமில்லை என்று நோட்டை மூடிவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள், அதாவது நேற்று, வேறு ஏதோ வேலைக்கு நடுவில் சட்டென்று உறைத்தது. கையால் கணக்குப் போட்டவர் கால்குலேட்டரின் பையையா எடுத்திருப்பார்? 3.14-ஐத்தான் எடுத்திருப்பார். இரவு உட்கார்ந்து 3.14-ஆல் வகுத்தேன். 480. ஒப்புக்கு 1500.2-ஐயும் வகுத்துப் பார்த்தேன்: 477.77, நீண்டுகொண்டே போனது.

480 கைக்கு வந்ததும் மற்றது வேகமாக நடந்தது. ஆரம் 4 மீட்டர், அதன் வர்க்கம் 16. 480-ஐ 16-ஆல் வகுத்தால் 30. என்ன 30? அப்போதுதான் மூலத்தை மறுபடி ஊன்றிப் படித்தேன். சுருட்டு என்ற உவமைக்கு முந்திய வாக்கியத்திலேயே நீமோ சொல்லிவிடுகிறார்: இது கூம்பு வடிவ முனைகளைக் கொண்ட நீண்ட உருளை. என் ஆங்கிலப் பிரதியிலும் அது சரியாகவே இருக்கிறது. நான் உவமையைப் பிடித்துக்கொண்டு அளவைத் தந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன்.

நடுவில் உருளை, இரு முனைகளிலும் கூம்பு, மொத்தம் 70 மீட்டர். உருளை 10 மீட்டர், கூம்புகள் ஒவ்வொன்றும் 30 மீட்டர் என்று வைத்தால் உருளைக்கு 160, ஒவ்வொரு கூம்புக்கும் 160, ஆக 480. அதை 3.14-ஆல் பெருக்கினால் 1507.2. இரண்டு கூம்புகளும் சமம் என்றால் வேறு எந்த நீளங்களுக்கும் இந்த விடை வராது.

இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி இருந்தது. அதுதான் உண்மையான சாட்சி, ஏனென்றால் அதில் கொள்ளளவுக்குச் சம்பந்தமே இல்லை. இதே நீளங்களை வைத்து மேற்பரப்பைக் கணக்கிட்டால் நாவல் சொல்லும் 1011.45 வருகிறதா? கூம்பின் சாய்வு உயரம், 30-இன் வர்க்கமும் 4-இன் வர்க்கமும் சேர்ந்த 916-இன் வர்க்கமூலம். மூன்று தசம இடங்களோடு நிறுத்தினால் 30.265. இரண்டு கூம்புகளுக்கு 242.12, உருளையின் பக்கத்துக்கு 80, கூட்டினால் 322.12. பெருக்கல் 3.14. விடை 1011.4568. நாவலில் 1011.45.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. வெர்னின் கணக்குத்தாள் என் மேசைமேல் கிடப்பதுபோல் இருந்தது. 10, 30, 30 என்று அவர் முதலில் முடிவு செய்த நீளங்கள் நாவலில் எங்குமே இல்லை. பரப்பும் கொள்ளளவும் மட்டும்தான் அச்சேறின, அதிலும் ஒன்றில் ‘ஏழு’ உதிர்ந்துவிட்டது. பிறகு எஃப். பி. வால்டரின் பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்பைத் திறந்து பார்த்தேன். அதில் 1507.2 என்றே இருக்கிறது. எனக்கு முன்னே ஒருவர் அதைச் சரிசெய்திருக்கிறார் என்பது ஏமாற்றமாக இல்லை, துணை கிடைத்ததுபோல் இருந்தது.

கணக்கில் முடிந்ததைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இன்று காலை ஒரு மாதிரி செய்தேன். இருநூறில் ஒரு பங்கு அளவு. தடித்த வரைதாள் ஒன்று, கவராயம், கோணமானி, கத்தரிக்கோல், பசை. உருளைக்கு 12.56 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை. ஒட்டுவதற்கு ஓரத்தில் 5 மில்லிமீட்டர் கூடுதல். கூம்புக்கு 15.13 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் 47.6 பாகைத் துண்டு. கோணமானியில் 47.6-ஐக் குறிப்பது எளிதல்ல. 47-க்கும் 48-க்கும் நடுவில் கண்மதிப்பாக ஒரு கோடு போட்டேன். உருளையின் அடியை 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தால் மூடினேன்.

இந்த வடிவத்தில் ஓர் அழகு இருக்கிறது. உருளையும் இரண்டு கூம்புகளும் ஒரே கொள்ளளவு கொண்டவை. கூம்பு உருளையைப்போல் மூன்று மடங்கு நீளம், அதே அடிப்பரப்புள்ள கூம்பின் கொள்ளளவோ அதே உயரமுள்ள உருளையின் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ஒரு கூம்பு நிறைய நைஸ் உப்பை நிரப்பி உருளைக்குள் கொட்டினால் விளிம்புவரை நிற்க வேண்டும். முதல் முறை உப்பு வழிந்துவிட்டது. உருளையின் வாய் நீள்வட்டமாக நெளிந்திருந்ததும், அதற்குள் ஒட்டுப் பட்டை இடத்தைப் பிடித்துக்கொண்டதும் காரணம். உருளையைப் பிரித்து, ஒட்டை வெளிப்பக்கம் வருமாறு மாற்றி ஒட்டினேன். உருளையின் வாயில் வெளிப்புறமாக ஒரு தாள் வளையத்தை மாட்டி வட்டமாக நிறுத்தினேன். உப்பைத் தட்டாமல், அளவுகோலின் விளிம்பால் வழித்துவிட்டுக் கொட்டினேன். மெல்லிய சரசரப்போடு உப்பு இறங்கி, உருளையின் விளிம்புக்குச் சமமாக வந்து நின்றது. நடுவில் ஒரு சிறிய மேடு, விரலால் தொட்டதும் அது பரவி ஓரத்தில் இருந்த இடைவெளியை நிரப்பியது.

1500.2-ஆ 1507.2-ஆ என்பதை இந்த மாதிரி சொல்லாது. இந்த அளவில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிலிட்டர்கூட இல்லை. உப்பில் அதை அளக்க முடியாது. முடிவு கணக்கில்தான். இருந்தாலும் மூன்று துண்டுகளையும் ஒட்டி மேசையில் வைத்தபோது அது எந்த நாட்டிலஸ் படத்திலும் நான் பார்த்திராத அளவுக்கு ஒல்லியாக, ஊசிபோல இருந்தது. அதன் நீளத்தில் ஏழில் ஒரு பங்குதான் உருளை.

இடையில் வேறு சில புத்தகங்களையும் இதே கண்ணோடு புரட்டினேன். சந்தேகப்படும் ஒவ்வொரு எண்ணும் அச்சுப் பிழை அல்ல என்பதை அவை காட்டின. வெர்னின் ‘பூமியின் மையத்துக்குப் பயணம்’ 1863 மே 24, ஞாயிற்றுக்கிழமை என்று தொடங்குகிறது. நாள்காட்டிக் கணக்குப் போட்டேன், அந்த நாள் ஞாயிறுதான். லாரி நிவனின் ‘ரிங்வேர்ல்ட்’ 1970-இல் முதலில் அச்சானபோது, பிறந்தநாளை நீட்டிக்க நாயகன் கிழக்கு நோக்கிப் போவான். மேற்கே போனால்தான் நாள் நீளும். அது ஆசிரியரின் சறுக்கல், பின்னர் திருத்தப்பட்டது. வெர்னிடமே ஒன்று உண்டு: அரோனாக்ஸின் பயணம் 1867 நவம்பரில் தொடங்கி 1868 ஜூனில் முடிகிறது. ‘மர்மத் தீவு’ நாவலிலோ 1868-இலேயே அது பதினாறு ஆண்டுப் பழைய கதையாகிவிடுகிறது. அதையெல்லாம் பென்சிலால் தொடக் கூடாது.

அசல் அச்சுப் பிழைகளில் என்னை உலுக்கியது ஆர்வெல்லின் ‘1984’. கடைசிப் பக்கங்களில் நாயகன் வின்ஸ்டன், சித்திரவதைக்குப் பணிந்தபின், மேசைத் தூசியில் விரலால் எழுதும் ‘2+2=5’ என்ற சமன்பாட்டில் 5 என்ற இலக்கம் பிற்காலப் பதிப்புகள் சிலவற்றில் விழுந்துவிட்டது. இரண்டும் இரண்டும் சமம், அதற்குப் பின் வெற்றிடம். ஓர் இலக்கம் உதிர்ந்ததால், முற்றாக முறிந்துபோன ஒரு மனிதன் இன்னும் தயங்கி நிற்பவனாகிவிடுகிறான். எச். ஜி. வெல்ஸின் ‘கால இயந்திரம்’ 1895-இல் அமெரிக்காவில் முதலில் வந்தபோது தலைப்புப் பக்கத்தில் ஆசிரியரின் பெயரே எச். எஸ். வெல்ஸ் என்று அச்சானது. தலைப்புப் பக்கத்தில் இது நடக்குமானால் 13-ஆம் அத்தியாயத்தில் ‘ஏழு’ உதிர்வதில் வியப்பில்லை.

அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவற்றை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். மொழிபெயர்ப்பு என்றால் முதல் மாலையே மூலத்தைத் திறக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு எண்கள் சாட்சி சொல்லும்வரை பென்சிலை எடுக்கக் கூடாது. கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் ஆசிரியர் எப்படிக் கணக்குப் போட்டிருப்பார் என்று யோசிக்க வேண்டும், எத்தனை தசம இடம், கடைசி இலக்கத்தை முழுமையாக்குவாரா வெட்டிவிடுவாரா என்பது வரை. உவமைக்கு முந்திய வாக்கியத்தைப் படிக்க வேண்டும்.

இனி பாக்கியிருந்த ஒன்று. முதல் கூட்டின் எடை 394.96 டன், மற்ற எல்லாம் சேர்ந்து 961.62 டன், மொத்தம் 1356.48 என்கிறது மூலம். கூட்டினால் 1356.58 வருகிறது. பத்தில் ஒரு டன் அதிகம். இரண்டில் ஒன்று தப்பு.

முதலில் 394.96-ஐத்தான் சந்தேகித்தேன். 50.5725 கன மீட்டரை 7.8-ஆல் பெருக்கினால் 394.4655. பரப்பில் செய்ததுபோல் கடைசி இலக்கங்களை வெட்டினால் 394.46 என்றுதான் வந்திருக்க வேண்டும். 46, 96 ஆகியிருக்கிறது. கையெழுத்தில் 4-ம் 9-ம் குழம்புவது சகஜம். திருத்திவிடலாமா? கூடாது. 46 சரியென்றால் மிச்சம் 962.02 ஆக இருந்திருக்கும். நாவலில் 961 என்று தொடங்குகிறது. அதாவது மிச்சத்தைக் கழித்தபோதே தாளில் 96 வந்துவிட்டது. அந்தச் சறுக்கல் கணக்குத்தாளிலேயே நடந்திருக்கிறது, அச்சகத்தில் அல்ல. அதை அப்படியே விட்டேன்.

அப்படியானால் 961.62 தான் 961.52 ஆக இருக்க வேண்டும். ‘ஐம்பத்திரண்டு’ எப்படி ‘அறுபத்திரண்டு’ ஆயிற்று? வாக்கியத்தை மேலே ஏறிப் படித்தேன். ஓரிரு வரி முன்னால் கப்பலின் அடிக்கட்டை வருகிறது. 50 சென்டிமீட்டர் உயரம், 25 சென்டிமீட்டர் அகலம், அதன் எடை மட்டும் அறுபத்திரண்டு டன். அந்த அறுபத்திரண்டு இன்னும் கண்ணிலோ காதிலோ இருக்கும்போதே அடுத்த எண்ணை யாரோ எழுதியிருக்கிறார்கள், அல்லது கோத்திருக்கிறார்கள்.

ஓரத்தில் மெல்லிய கோட்டில் 52 என்று குறித்தேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறேன். இதற்கு இதுவரை ஒரே ஒரு சாட்சிதான்.